பதினெட்டில் தொலைந்துபோகும் நோயாளிகள்

1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொரண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். சர்க்கரை நோய்க்காக மனிதர் ஒருவருக்குப் போடப்பட்ட முதல் இன்சுலின் ஊசிகளில் அது ஒன்று. அதுவரை, டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் பிழைத்ததில்லை. குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் எப்போது மாறுவது என்ற கேள்விக்கே அன்று இடமில்லை.

இன்று அந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதே கனடாவின் மானிடோபா மாகாணத்தில், 18 வயதானதும் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து விடைபெற வேண்டும். ஊசி போடக் கற்றுத் தந்த நர்ஸ், சாப்பாட்டுக் கணக்கு சொல்லித் தந்த உணவியல் நிபுணர் எல்லோரையும் விட்டுவிட்டு, முகம் தெரியாத டாக்டரிடம் புதிதாகத் தொடங்க வேண்டும். பலர் தொடங்குவதே இல்லை.

உடம்பும் அந்த வயதில் ஒத்துழைப்பதில்லை. பருவமடையும்போது பெருகும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை மந்தமாக்கிவிடும். 10 வயதில் போதுமாயிருந்த மருந்தளவு 14 வயதில் போதாது. விடியற்காலையில் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டுவது ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை. பெரும்பாலோருக்கு அது 7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவின் டி1டி எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டில் 2016 முதல் 2018 வரை 15–18 வயதினரின் சராசரி 9.3.

இத்தனைக்கும் நடுவில் கல்லூரி, புது ஊர், விடுதிச் சாப்பாடு. “ஊசி போட்டுட்டியா?” என்று வீட்டில் தினமும் கேட்ட குரலும் பக்கத்தில் இல்லை. இந்தப் பிள்ளைகளைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்வது அநியாயம். கண்ணிலும் சிறுநீரகத்திலும் சேதம் ஓசையில்லாமல் தொடங்கக்கூடிய ஆண்டுகளில்தான் மருத்துவமனையோடு அவர்களுக்கிருந்த தொடர்பு அறுகிறது.

2002-இல் மானிடோபாவில் ‘மேஸ்ட்ரோ’ என்ற திட்டம் தொடங்கியது. அதன் மையத்தில் இருந்தவர் டாக்டர் அல்ல, ஓர் ஒருங்கிணைப்பாளர். இளைஞர்களைப் போனிலும் மின்னஞ்சலிலும் தேடிப் பிடிப்பார். புது டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று கேட்பார். இல்லையென்றால் ஏற்பாடு செய்து கொடுப்பார். மாலை வேளைகளில் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டங்களும் நடந்தன. 2008-இல் முடிவுகள் வெளியாயின. இந்த உதவி இல்லாமல் மாறிய, வயதில் சற்று மூத்த இளைஞர்களில் சுமார் 40 சதவீதத்தினர் சிகிச்சையிலிருந்து விலகியிருந்தார்கள். தொடக்கத்திலிருந்தே உதவி கிடைத்த இளையவர்களில் அது 11 சதவீதம்தான். புது மருந்தும் இல்லை, புது கருவியும் இல்லை. விசாரிக்க ஒரு ஆள் இருந்தார்.

ஆனால் அந்த ஆள் எத்தனை நாள் உடனிருக்க வேண்டும்? ஒன்டாரியோவில் 17 முதல் 20 வயதுவரை உள்ள 205 பேரிடம் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒருங்கிணைப்பாளர் 18 மாதம் துணை நின்றார். அதுவரை அவர்கள் மற்றவர்களைவிட டாக்டரை அதிகமுறை பார்த்தார்கள், மனநிறைவும் கூடுதல். அந்தத் துணை முடிந்தபின் ஓராண்டில் வித்தியாசம் மறைந்துவிட்டது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் மறுமுனையிலிருந்து வருகிறது. மாற்றத்துக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும் என்கிறது. அதில் ஒரு பயிற்சி எளிமையானது. ஒவ்வொரு சந்திப்பிலும் சிறிது நேரம் பெற்றோரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் மட்டும் டாக்டர் பேசுவார். எத்தனை யூனிட் போடுகிறாய், ஊசி தீர்ந்தால் யாரிடம் கேட்பாய், சர்க்கரை திடீரென இறங்கினால் என்ன செய்வாய்? பதில் சொல்ல அங்கே அம்மா இருக்க மாட்டார்.