பில்லின் அடியில் காணாமற்போன முன்பாக்கி

கண்டியிலுள்ள எமது வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் பேசியபோது அவரது குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "நானா, நீங்க அனுப்பின பில்லுல உள்ள காச அப்படியே பேங்க்ல போட்டுட்டேன். முன்பாக்கி எண்டு அதுல ஒண்டும் இல்லையே" என்றார். எமது கணக்கில் முன்பாக்கி இருந்தது. கணனித் திரையிலும் இருந்தது. அவர் கையிலிருந்த கடதாசியில் மட்டும் இல்லை.

கொழும்பு இரண்டாம் குறுக்குத் தெருவில் புடவை மொத்த வியாபாரம் செய்பவன் நான். அப்போது எமது கடைக்கு ஒரு லேசர் பிரின்டர் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அமெரிக்காவில் பாவித்து, 'ரீகண்டிஷன்' என்று இங்கே விற்கப்படும் வகை. வந்த நாளிலிருந்து அடிக்கடி இடைநடுவில் நின்றுவிடும். அதன் சிறிய திரையில் 'லெட்டர்' கடதாசி வைக்கும்படி அறிவித்தல் வரும். ட்ரே நிறைய ஏ4 இருக்கும்! டெக்னீசியன் ஒருவர் வந்து பிரின்டரின் மெனுவில் எதையோ மாற்றினார். தொல்லை நின்றது. கூலியும் கொடுத்து, தேநீரும் கொடுத்து அனுப்பினோம்.

கண்டிக்காரரின் பில்லை நான் மறுபடி அச்சடித்துப் பார்த்தேன். முன்பாக்கியும் வங்கிக் கணக்கு இலக்கமும் அடியில் ஒழுங்காக விழுந்தன. கவுண்டரில் இருக்கும் தம்பியை அதே பில்லை அச்சடிக்கச் சொன்னேன். அடிப்பகுதி வெறுமையாக வந்தது. ஒரே கணனி, ஒரே பிரின்டர், ஒரே கடதாசி. ஒரே வித்தியாசம், அவர் தன் பெயரில் கணனியைத் திறப்பார், நான் என் பெயரில் திறப்பேன். டெக்னீசியனிடம் கேட்டால், உள்ளே ஒரு பாகம் மாற்ற வேண்டும், 18,000 ரூபா ஆகும் என்றார்.

பணத்தைக் கொடுக்குமுன் அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். என் தாளைவிடத் தம்பியின் தாளில் அடி வெறுமை சுமார் 18 மில்லிமீற்றர் கூடுதல். அந்த எண்தான் விடயத்தைக் காட்டிக் கொடுத்தது. ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீற்றர். அமெரிக்கர்கள் பாவிக்கும் லெட்டர் தாள் 216க்கு 279. உயர வித்தியாசம் ஏறத்தாழ 18.

எமது பிரின்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட் வகையைச் சேர்ந்தது. அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட பக்க விவரண மொழி அது. கணனியிலுள்ள டிரைவர், பக்கத்தை ஒரு கட்டளைத் தொகுப்பாக எழுதி அனுப்பும். என்ன அளவுத் தாள் வேண்டும் என்பதும் அந்தக் கட்டளைகளில் ஒன்று. அளவை அது புள்ளிக் கணக்கில் சொல்லும். ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. ஏ4 என்றால் 595க்கு 842, லெட்டர் என்றால் 612க்கு 792. எந்தெந்த அளவுகள் உண்டு, எது இயல்பான அளவு என்பதை பிபிடி என்ற கோப்பிலிருந்து டிரைவர் அறிந்துகொள்கிறது. இது சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தே வாசிக்கலாம். பிரின்டருக்குரிய பிபிடியை விட்டுவிட்டுப் பொதுவான ஒன்றை நிறுவியவர்களுக்கு, வேண்டிய அளவோ ட்ரேயோ பட்டியலில் வராமற் போவதும் இதனால்தான்.

விண்டோஸில் பிரின்டரைத் திறந்து 'பிரின்டிங் பிரிபரன்சஸ்' பகுதியில் ஏ4 என்று நான் மாற்றியிருந்தேன். அது என் பெயருக்கு மட்டுமே செல்லும் என்பது எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான இயல்பு அளவு வேறோர் இடத்தில் இருக்கிறது. 'பிரின்டர் ப்ரொப்பர்டீஸ்' சென்று, 'அட்வான்ஸ்ட்' தாவலில் 'பிரின்டிங் டிபோல்ட்ஸ்' பொத்தானை அழுத்த வேண்டும். அங்கே லெட்டர் என்றே கிடந்தது. கணனியின் நாடு அமெரிக்கா என்று விடப்பட்டிருந்தால் இப்படி நேர்வது வழமை. எமது கணனியும் அப்படித்தான் இருந்தது. தம்பியின் பெயரில் ஏற்கெனவே பதிந்துபோன தெரிவையும் தனியாக மாற்ற வேண்டியிருந்தது.

அப்படியானால் பிரின்டர் ஏன் வாய் திறக்கவில்லை? டெக்னீசியன் ட்ரேயின் அளவை 'எனி', அதாவது எதுவாயினும் என்று மாற்றிவிட்டுப் போயிருந்தார். எரிச்சலூட்டிய அந்த அறிவித்தல் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் அதன் வாயை அடைத்தோம். அதன்பின் லெட்டர் பக்கத்தை ஏ4 தாளில் அது சத்தமில்லாமல் அடித்துத் தள்ளியது. எமது பில் மென்பொருளோ ஏ4 என்று நினைத்து ஒவ்வொரு வரியையும் குறித்த இடத்தில் வைப்பது. லெட்டர் எல்லைக்குக் கீழே விழுந்தது வெட்டுப்பட்டது. எக்செல் ஆக இருந்தால் இரண்டாம் பக்கம் ஒன்று வந்து எம்மை உஷார்ப்படுத்தியிருக்கும். ட்ரேயின் அளவை மீண்டும் ஏ4 என்றே மாற்றினேன். 'டிவைஸ் செட்டிங்ஸ்' தாவலில் எந்த ட்ரேயில் எந்தத் தாள் என்ற இடத்திலும் ஏ4 போட்டேன்.

இன்னொரு விடயம். மேற்பகுதி, அதாவது கடையின் பெயர் வெட்டுப்பட்டால் வேறு இடத்தில் தேடுங்கள். போஸ்ட்ஸ்கிரிப்டில் அளவு தொடங்குவது தாளின் இடது கீழ் மூலையிலிருந்து. தயாராக உள்ள ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு, தாளளவைக் கேட்காமல் நேரே பிரின்டருக்குப் போனால், பிரின்டர் தன் இயல்பு அளவையே எடுக்கும். அது லெட்டராக இருந்தால் ஏ4 பக்கத்தின் தலைதான் பெரும்பாலும் போகும். எல்லாம் இருந்தும் எழுத்து சற்றுச் சிறுத்திருந்தால் பிடிஎப் வாசிப்பானில் 'பிட்' தெரிவு செய்யப்பட்டிருக்கும். ஏ4ஐ லெட்டருக்குள் அடக்கினால் ஏறத்தாழ 94 வீதமாகச் சுருங்கும். பார்கோட் லேபல் அடிப்பவர்கள் 'அக்சுவல் சைஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். விசேட அளவு பில்லுக்கு 'போஸ்ட்ஸ்கிரிப்ட் கஸ்டம் பேஜ் சைஸ்' உண்டு. அதில் தாள் எந்தப் பக்கமாக உள்ளே போகிறது என்பதையும் சரியாகச் சொல்லாவிட்டால் பில் சரிந்துதான் வரும்.

அந்த இரண்டு மாதத்தில் முன்பாக்கியோடு போன பில்கள் 11. எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்து, மன்னிப்புக் குறிப்பொன்றும் வைத்து அனுப்பினோம். கண்டிக்காரர் மறு வாரமே மீதியைப் போட்டார். போட்டுவிட்டு அழைத்து, "நானா, அந்தப் பிரின்டர வித்துட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை, இன்னும் கவுண்டரில்தான் இருக்கிறது.