மாரிக் காய்ச்சலும் மனையோர் கடனும்

சோளகம் ஓய்ந்து ஐப்பசி மழை யாழ்ப்பாணக் குடாநாட்டில் இறங்கியவுடன் குளங்கள் நிறைகின்றன. பள்ளிக்கூடங்களில் வரவு குறைகின்றது. இதனை ஆசிரியராயினார் யாவரும் அறிவர். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஒரே வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் ஒருசேர வாராதிருத்தலும், வினவியவிடத்துக் ‘காய்ச்சல்’ என்னும் ஒரு சொல்லே விடையாக வருதலும் ஆண்டுதோறும் காண்பன. சொல் ஒன்றாயினும் அதனுள் அடங்கிய நோய்கள் பல. அவற்றுட் சில தாமே தணிவன. சில, காலந் தாழ்த்தின் உயிர்க்கே இறுதி பயப்பன. இன்ன காய்ச்சல் இன்னதென வேறுபடுத்தி அறிதல் வைத்தியர் தொழில். எனினும், வைத்தியரிடம் செல்லுமுன்னும், சென்று மீண்ட பின்னும், நோயாளியின் பாயருகே இருப்பவர் வீட்டாரே. அவர் மாரி காலத்தில் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய ‘மருந்து’ பத்துக் குறள்களை உடையது. அவற்றுட் பெரும்பாலன உணவின் அளவைப் பற்றியன. ஈற்றுக் குறளோ மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கு எனக் கூறும். நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து மருந்தூட்டிப் பேணுபவனையும் ஒப்ப எண்ணி ‘உழைச்செல்வான்’ எனப் பெயரிட்டார் ஆசிரியர். வைத்தியனையும் மருந்தையும் யாம் தேடிச் செல்கின்றோம். நான்காம் உறுப்பாகிய உழைச்செல்வான் நம் வீட்டிலேயே உளன். தாயோ, பாட்டியோ, மூத்த பிள்ளையோ யாரேனும் ஒருவர் அப் பணியை ஏற்கின்றனர். அவர் அறிவு குறைவுபடின் ஏனைய மூன்றும் நிறைந்திருந்தும் பயனில்லை.

நீரை ஊற்றினாற் போதாது

மாரியில் வரும் நோய்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். குடாநாட்டிலே வடகீழ்ப் பருவமழையை அடுத்து மார்கழி, தை மாதங்களில் இது மிகுதல் வழக்கம்.

இந்நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சேற்றையும் சாக்கடையையும் விரும்புவதன்று. நம் முற்றத்திலே தேங்கிய தெளிந்த நீரே அதற்கு உவப்பானது. சிரட்டை, எலி கோதிய குரும்பை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, சருகு அடைத்த பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னுள்ள நீர்த்தட்டு, குளியலறைத் தொட்டி ஆகியன அதன் மனைகள். இத்துணையும் பலர் அறிவர். பலரும் அறியாதது ஒன்றுளது. இந் நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கின்றது. நீர் வற்றினும் அம் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு கிடந்து, மீண்டும் நீர் படும்போது பொரிக்கின்றன. ஆதலின் நீரை ஊற்றிக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது எனக் கருதற்க. வாரம் ஒருமுறை கலத்தின் உட்சுவரைத் தும்பு கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வாரம் என்னும் கணக்கு ஏன் எனின், முட்டை நுளம்பாகிப் பறத்தற்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் செல்லும் என்க. ஈடிஸ் பெரும்பாலும் பகலிலே, காலையும் பிற்பகலுங் கடிப்பதாகலின், இரவு வலை மட்டும் காவலாகாது. பகலில் உறங்கும் குழந்தைக்கும் வலை கட்டுக.

வயலும் வெள்ளமும்

அடுத்தது எலிக்காய்ச்சல். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின் பின், டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலே இந்நோய் பரவிச் சிலர் உயிரிழந்தனர். தொடக்கத்தில் அஃது இன்னதென்று தெரியாத காய்ச்சலாகவே பேசப்பட்டது. எலி முதலிய பிராணிகளின் சிறுநீரிலுள்ள கிருமி வெள்ளத்திலும் வயற்சேற்றிலும் கலந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும், கண், மூக்கு, வாய் என்பவற்றின் மென்தோல் வழியாகவும் உடம்பினுட் புகுகின்றது. கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல், மஞ்சள் நிறம் தோன்றல் என்பன இதன் குறிகள். முற்றினால் சிறுநீரகமும் ஈரலும் கெடும்.

வயலில் இறங்குவோர் காலிற் புண்ணிருப்பின் நீர் புகாவண்ணம் மூடுதலும், வயல்நீரில் முகங் கழுவாமையும், பிள்ளைகளை வெள்ளத்தில் விளையாட விடாமையும் வேண்டும். வயற் பருவத்தில் உழவர்க்கு வருமுன் காக்கும் மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக வழங்கப்படுகின்றது. அதனை அங்குக் கேட்டுப் பெறுக. கடையில் தாமே வாங்கி உண்ணற்க. காய்ச்சல் வந்து வைத்தியரிடம் செல்வோர், ‘பத்து நாளின் முன் வயலில் நின்றேன்’, ‘வெள்ளத்தில் நடந்தேன்’ என வினவாமுன்னரே சொல்லுதல் வேண்டும். அவ்வொரு வாக்கியம் மருத்துவத்தின் போக்கையே மாற்றவல்லது.

கிணற்று நீர்

குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஈங்கு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரே. அப் பாறை வெடிப்புக்கள் நிறைந்ததாகலின், மழைநீரோடு மலக்குழியின் அழுக்கும் விரைந்து கீழிறங்கிக் கிணற்றைச் சேர்தல் கூடும். மாரியில் ஊற்று மிகுந்து கிணறு நிறைவது கண்ணுக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால், நிறைந்த நீர் தூய நீரென்று கொள்ளலாகாது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி என்பன இவ்வழியே வருவன. குடிக்கும் நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து, ஆற்றி, மூடி வைத்துப் பருகுக. வெள்ளம் புகுந்த கிணற்றை, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துக் குளோரின் இட்ட பின்னரே பயன்கொள்ளுதல் தக்கது.

வயிற்றோட்டத்தில் குழந்தையைக் கொல்வது நோயினும் நீரிழப்பே. ஜீவனிப் பொதியை அதிலெழுதிய அளவு நீரிற் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க. அது கிடையாவழி, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் தேக்கரண்டியால் மட்டமாக 6 கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரைத்தல் போதும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

நாளை எண்ணுக

இனி, உழைச்செல்வான் கடமைகளுள் தலையாயதைக் கூறுவாம். அது காய்ச்சலின் நாளை எண்ணுதல். வைத்தியர் ‘எத்தனை நாள்?’ என்று கேட்கும்போது, நம்மவர் பலர் வைத்தியசாலைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவர். சிலர் கடுமையான நாளிலிருந்து எண்ணுவர். உடல் முதன்முதற் சுட்ட வேளையிலிருந்தே கணக்குத் தொடங்குதல் வேண்டும். மூன்றாம் நாளிற் செய்யும் இரத்தப் பரிசோதனையும், அதன் பின்னான கவனிப்பும் இக் கணக்கைச் சார்ந்தே அமைவன. கைக்குழந்தை, கருவுற்றாள், முதியோர், நெடுநோயுடையோர் ஆகியோர் மூன்று நாள் காத்திராது முதல் நாளே வைத்தியரைக் காணுதல் வேண்டும்.

காய்ச்சல் தணிதற்குப் பரசிற்றமோல் ஒன்றே, வைத்தியர் கூறிய அளவில், ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறைக்கு மேற்படாமற் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபெனக் முதலியன டெங்கு நோயாளிக்குக் குருதிப் பெருக்கை விளைவிக்கக் கூடியன, அவற்றைத் தொடற்க.

யாவற்றினும் முதன்மையானது மற்றொன்று. டெங்குக் காய்ச்சலிலே அபாயம் காய்ச்சல் எரியும் நாளில் இல்லை. அது தணியும் நாளிலேயே பெரும்பாலும் தொடங்குகின்றது. அதன் பின்னான ஒன்றிரண்டு நாளில் குருதிக் குழாய்களினின்றும் நீர்ப்பகுதி கசிந்து, உடல் குளிர்ந்து, நாடி தளர்தல் கூடும். ‘பிள்ளைக்குச் சூடு விட்டுவிட்டது, பரீட்சையும் வருகிறது’ என்று அந்நாளிலேயே பள்ளிக்கு அனுப்புதல் நம்மிடை உள்ள வழக்கம். அதனினும் கொடிய அறியாமை வேறில்லை. சூடு விட்டும் பிள்ளை சோர்ந்து கிடப்பினும், வயிறு கடுமையாக நொந்தாலும், ஓயாது வாந்தி எடுத்தாலும், பல்லீறிலோ மூக்கிலோ குருதி கண்டாலும், கைகால் குளிர்ந்தாலும், ஆறு மணிநேரம் சிறுநீர் கழியாவிடினும் அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வகுப்பாசிரியரும், காய்ச்சல் விட்டு வந்த மாணவன் மேசைமேல் தலை சாய்ப்பின் அதைச் சோம்பலென்று கடியாது, வீட்டாரை அழைத்தல் வேண்டும்.

கொள்ளுவதும் தள்ளுவதும்

மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துப் பனங்கட்டியோடு குடிக்கும் வழக்கத்தை யான் இகழேன். நீர் அருந்தாத நோயாளியை நீர் அருந்தச் செய்வது அது. கஞ்சியும் இளநீரும் தோடம்பழச் சாறும் அவ்வாறே நல்லன. ஆயினும் குடிநீர் அவித்துக் கொடுத்தோம் என்னும் மன அமைதியிலே நான்காம் நாளையும் ஐந்தாம் நாளையும் கழித்துவிடுதல் தவறு. குடிநீர் துணையாகலாம், வைத்தியருக்கு ஈடாகாது. செந்நிறமும் கபில நிறமுமான பானங்களைத் தவிர்க்க. வாந்தியிற் குருதி வந்தால் அவை அதனை மறைத்துவிடும்.

மருத்துவ அறிவைத் தமிழில் எழுதிப் பரப்புதல் நமக்குப் புதிதன்று. செகராசசேகரமும் பரராசசேகரமும் யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் தமிழ் வைத்திய நூல்கள். 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தை மானிப்பாயிலே தமிழில் பயிற்றுவித்து, ‘இரணவைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். ஊர்ச்சனங்களிடையே தொழில் செய்வோர்க்கு அவர் மொழியிலேயே மருத்துவம் விளங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று சுகாதாரப் பகுதியார் தமிழில் வெளியிடும் அறிவித்தல்கள் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டுப் படிப்பாரின்றி மழையில் நனைகின்றன. அவற்றை வகுப்பிலே பாடம்போல் படித்துப் பொருளுரைத்தல் ஆசிரியர் கடன். வீட்டிலே பாட்டிக்குச் சொல்லுதல் மாணவர் கடன்.

ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை வீட்டில் வைத்துக்கொள்க. காய்ச்சல் தொடங்கிய நாளும் வேளையும், கொடுத்த மருந்தும் நேரமும், குடித்த நீரின் அளவும், சிறுநீர் கழிந்த வேளையும் அதிலே எழுதப்படுக. வைத்தியர் முன் அக் கொப்பியை நீட்டும் தாய், நாள் குழம்பி நிற்கும் தாயினும் தன் பிள்ளைக்குப் பேருதவி செய்தவளாவாள். மழையைத் தடுக்க நம்மால் இயலாது. முற்றத்து நீரைக் கவிழ்த்துத் தேய்க்கவும், குடிநீரைக் கொதிக்க வைக்கவும், காய்ச்சலின் நாளை எண்ணவும் எல்லார்க்கும் இயலும்.