குழந்தைக்கு இருமலா? மருந்துப் புட்டியைத் திறக்குமுன் ஒரு நிமிடம்!

தாய்மார்களே! தகப்பன்மார்களே!

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறீர்கள். பருப்பு, மிளகாய்த்தூள், பிள்ளைக்கு ஒரு சட்டை, எல்லாம் வாங்கியாகிவிட்டது. சிராங்கூன் ரோட்டில் ஒரு மருந்துக் கடை கண்ணில் படுகிறது. “பிள்ளை மூணு நாளா இருமுது, ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கிக்குவோம்” என்று உள்ளே நுழைகிறீர்கள். பிள்ளைக்கு வயது எட்டு மாதம். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சளி எதனால் வருகிறது?

“மழையிலே நனைஞ்சான், ஐஸ் தின்னான், அதான் சளி” என்று சொல்லுவோம். உண்மையில் சளியைக் கொண்டு வருவது கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒருவகை வந்து போனால் அடுத்த மாதம் இன்னொரு வகை வரும். அதனால் சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். ஆயாக் கொட்டகையிலும் பாலர் பள்ளியிலும் பல பிள்ளைகளோடு இருக்கும் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவே வரும். “என் பிள்ளை மட்டும் ஏன் இப்படி?” என்று வருத்தப்பட வேண்டாம்.

காய்ச்சலும் மூக்கொழுகலும் சில நாளில் குறையும். இருமல் மட்டும் 2 வாரம், சில சமயம் 3 வாரம்கூட இழுக்கும். இருமல் நமக்கு எதிரி அல்ல. நெஞ்சில் சளி தங்காமல் வெளியே தள்ளும் காவல்காரன் அது. மூக்குச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்பட வேண்டியதில்லை. ‘ஆன்டிபயாடிக்’ மருந்து வைரஸைக் கொல்லாது. போன தடவை மிச்சமானதை எடுத்துக் கொடுக்கவே கூடாது.

புட்டியில் இருப்பது என்ன?

கடையில் விற்கும் இருமல், சளி மருந்துகளை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. காரணம் இரண்டு. இம்மருந்துகளால் சின்னக் குழந்தைக்குப் பலன் கிடைப்பதில்லை. அளவு சற்று கூடினாலும் மூச்சும் இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். எல்லாம் சாதாரணச் சளி, இருமல், காய்ச்சலுக்கு மருந்து குடித்த பிள்ளைகள். அந்த ‘கோல்ட்ரிஃப்’ மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். பரிசோதித்தபோது அதில் ‘டைஎத்திலீன் கிளைகால்’ என்ற விஷம் 48.6 விழுக்காடு இருந்தது. நம் அண்டை நாடான இந்தோனேசியாவிலும் 2022-ல் இதேபோல் விஷம் கலந்த மருந்து குடித்து 200 குழந்தைகள் வரை மாண்டு போனார்கள். ஊரிலிருந்து வருகிறவர் பையில் கொண்டுவந்து கொடுத்தாலும் சரி, “நல்லாக் கேட்கும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாலும் சரி, பெயர் தெரியாத புட்டி உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

பாட்டி வைத்தியத்தில் நல்லதும் கெட்டதும்

நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் தவறு என்று சொல்ல வரவில்லை. வெதுவெதுப்பான கஞ்சியும் மிளகு ரசமும் வளர்ந்த பிள்ளையின் தொண்டைக்கு இதம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுத்தால் இருமல் தணியும். ஆனால் ஒரு வயதுக்குள் தேனைத் தொட்டும் வைக்காதீர்கள். அதிலுள்ள ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

இவற்றைக் கைவிடுங்கள்:

• தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தடவுவது. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறி வலிப்பு உண்டாக்கும். கோடாலித் தைலம் போன்ற தைலங்களிலும் கற்பூரமும் மெந்தாலும் உண்டு. பெரியவர்கள் தேய்த்துக் கொள்ளட்டும், 2 வயதுக்குள் வேண்டாம்.
• குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும்.
• சாம்பிராணிப் புகை போடுவது. சளி பிடித்த நெஞ்சுக்குப் புகை எதிரி.
• கொதிக்கும் நீரில் ஆவி பிடிக்க வைப்பது. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் பல பேர்.

வீட்டில் செய்ய வேண்டியது

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். “சளி, பால் கொடுக்காதே” என்பது தவறான பேச்சு. மூக்கடைப்பால் ஒரேயடியாகக் குடிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

ஒரு குவளை (250 மில்லி) கொதித்து ஆறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். பால் கொடுக்குமுன் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் 2, 3 சொட்டு விட்டுத் துடைத்தால் அடைப்பு இளகும். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும்.

காய்ச்சலால் பிள்ளை துவண்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம். எடையைப் பார்த்துத்தான் அளவு. 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் ஆகாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூச்சை எண்ணுங்கள்

சாதாரணச் சளியா, நிமோனியாவா என்று அறிய ஒரு கடிகாரம் போதும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்.

2 மாதத்துக்குள்: 60 அல்லது மேல்
2 முதல் 11 மாதம்: 50 அல்லது மேல்
1 முதல் 5 வயது: 40 அல்லது மேல்

இந்தக் கணக்கைத் தொட்டால் அது வேக மூச்சு. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, பாலோ தண்ணீரோ குடிக்க மறுப்பது, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் வரும். தேக்காவுக்குப் பக்கத்திலேயே கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைத் தொழுவம் என்ற பெயரில் நம் முன்னோர் அறிந்திருந்த ஆஸ்பத்திரிதான் அது. 1966-ல் ஒரே வருஷத்தில் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்தார்கள். 1997-ல் புக்கிட் தீமா ரோட்டிலுள்ள இப்போதைய கட்டிடத்துக்கு மாறியது. அதன் அவசரப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை, எடை குறைகிறது என்றால் காசநோய், ஆஸ்துமா போன்றவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கூடிச் செய்ய வேண்டியது

வீட்டுக்குள் யாரும் சிகரெட், சுருட்டு பிடிக்கக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். தடுப்பூசி ஒன்றையும் தவறவிடாதீர்கள். கக்குவான் இருமலும் தட்டம்மையும் தடுப்பூசியால்தான் அடங்கின. 2013 ஜூன் 21-ல் சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டதே, அதுபோன்ற புகைமூட்ட நாட்களில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். ஆயாக் கொட்டகையில் சோப்பும் தண்ணீரும் இருக்கிறதா, ராத்திரியில் நோயாளியைக் கொண்டுபோக வண்டி உண்டா என்று உங்கள் கமிட்டியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மேலே உள்ள மூச்சுக் கணக்கை வெட்டி எடுத்துக் கடிகாரத்துக்குக் கீழே சுவரில் ஒட்டி வையுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் ஒருமுறை எண்ணிக் காட்டுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தானே!