சூளகிரியில் விழுந்த கல்லும் சின்ன பட்ஜெட் ஏலியன் படமும்

2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ என்ற ஏலியன் படத்தில் 4,500-க்கும் மேற்பட்ட கிராபிக்ஸ் காட்சிகள். படப்பிடிப்பு முடிந்த பிறகும் படம் திரைக்கு வர ஆண்டுகள் பிடித்தன. அதே இயக்குநர் இரா.ரவிக்குமார் 2015-ல் எடுத்த முதல் படம் ‘இன்று நேற்று நாளை’. எதிர்காலத்திலிருந்து வந்து சேரும் ஒரு கால இயந்திரம், அதை வைத்து ஜோசியக் கடை போட்டுப் பிழைக்கும் இரண்டு நண்பர்கள், அவ்வளவுதான் சரக்கு. இரண்டு படத்திலும் மனிதர் கைக்கு வரக்கூடாத ஒரு பொருள் வந்துவிடுகிறது. ஆனால் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

காரணம் எளிது. ஏலியன் நடந்தால், பேசினால், கண் சிமிட்டினால், ஒவ்வொரு நொடிக்கும் கம்ப்யூட்டரில் பல பேர் உட்கார வேண்டும். ஏலியன் விட்டுச்சென்ற பொருளை மட்டும் காட்டினால் அதை ஒருமுறை செய்தால் போதும். மீதியை நடிகர்களின் முகம் பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சிக்கனத்தின் உச்சம் 2004-ல் வந்த ‘ப்ரைமர்’ என்ற அமெரிக்கப் படம். செலவு 7,000 டாலர், அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாய் சொச்சம். எழுத்து, இயக்கம், நடிப்பு, படத்தொகுப்பு, இசை எல்லாம் ஷேன் கரூத் என்ற ஒரே ஆள். கார் நிறுத்தும் கொட்டகையில் இரண்டு என்ஜினியர்கள் ஒரு பெட்டியைச் செய்கிறார்கள். அது காலத்தைப் பின்னோக்கித் திருப்புகிறது. சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பெரிய பரிசை அந்தப் பெட்டிதான் வாங்கித் தந்தது என்பேன்.

அப்படியொரு பொருளைச் செய்ய ஓசூர், போச்சம்பள்ளி, மத்தூர் வட்டாரத்தைவிட வாகான இடம் கிடைக்காது. சிப்காட் தொழிற்பேட்டைகளை ஒட்டி லேத், ஷீட் மெட்டல், பவுடர் கோட்டிங் வேலை தெரிந்த கைகள் இங்கே நிறைய. கிரானைட் அறுக்கத் தெரிந்தவர்களும் உண்டு. கதையும் ஏற்கெனவே வானத்திலிருந்து விழுந்திருக்கிறது. 2008 செப்டம்பர் 12 அன்று சூளகிரிப் பகுதியில் விண்கற்கள் விழுந்தன. மொத்தம் சுமார் 110 கிலோ. ‘அயலான்’ கதையே வானிலிருந்து வந்த ஒரு கல்லை முதலாளி ஒருவர் வளைத்துப்போட்டு, பூமியைத் துளைத்து வாயு எடுக்கப் பார்ப்பதுதான். நிஜக் கல் இந்த வட்டாரத்திலேயே விழுந்தும் சினிமாக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லையே என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

சூளகிரிக் கல் ‘எல்எல்6’ வகை. இரும்புச்சத்து குறைந்த, ஒரு காலத்தில் நன்றாகச் சூடுகண்ட கல். இவ்வகைக் கல்லின் மேலே, காற்றைக் கிழித்து வரும்போது உருகிய கறுப்புத் தோல் காகிதம்போல ஒட்டியிருக்கும். அறுத்தால் உள்ளே சாம்பல் நிறம், நடுநடுவே மினுக்கும் உலோகப் பொடி. வயது சுமார் 450 கோடி ஆண்டு. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010-ல் இடோகாவா சிறுகோளிலிருந்து அள்ளிவந்த தூசும் இதே இனம்தான். ஆக, இது நம் சூரியக் குடும்பத்துச் சொந்தக்காரன், ஏலியன் அல்ல.

வேறு நட்சத்திரத்துப் பொருள் என்றால் எப்படித் தெரியும்? ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின், விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். நம் சூரியக் குடும்பத்துப் பொருள்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. அது அடியோடு மாறியிருந்தால் பொருள் வெளியூர். ஹார்வர்டு பேராசிரியர் அவி லோப் 2023-ல் பப்புவா நியூ கினி அருகே பசிபிக் கடலடியைக் காந்தத்தால் துழாவி, குட்டிக் குட்டி உலோக உருண்டைகளை எடுத்துவந்தார். 2014-ல் அங்கே விழுந்த எரிகல் வேற்று நட்சத்திரத்தது, ஒருவேளை செய்யப்பட்ட பொருளாகக்கூட இருக்கலாம் என்றார். அந்த உருண்டைகள் நிலக்கரிச் சாம்பலாக இருக்கலாம் என்று சிலர் மறுத்தார்கள். எரிகல் விழுந்த இடத்தைக் குறிக்க உதவிய நில அதிர்வுப் பதிவோ, பதிவுக் கருவிக்கு அருகே சாலையில் போன லாரியால் வந்தது என்று 2024-ல் இன்னொரு ஆய்வுக்குழு சொன்னது.

கதைக்கு இன்னொரு கொக்கியும் இருக்கிறது. இந்தியாவில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. நிலத்துக்காரர் வீட்டுக் கட்டிலடியில் ஒளித்துவைக்க, தாசில்தார் ஜீப்பில் வர, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வியாபாரி விலை பேச ஆரம்பித்தால், முதல் அரைமணி நேரத்துக்கு கிராபிக்ஸே வேண்டாம்.