நண்டு அல்லாத நண்டு

மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள் எல்லாம் உண்மையை உரைப்பவை அல்ல. திமிங்கிலத்தை மீன் என்பாருண்டு. அது மீன் அன்று. அவ்வாறே, வங்க மொழியில் 'ராஜ காங்க்ரா', அதாவது 'அரச நண்டு' என வழங்கும் பிராணியும் நண்டு அன்று. குதிரைக் குளம்பில் அடிக்கும் லாடத்தை ஒத்த ஓடு உடைமையால் தமிழில் இதனை லாட நண்டு என்கிறோம்.

கல்கத்தாவிலும் கட்டாக்கிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு இப்பிராணி தொலைவில் உள்ளது அன்று. ஒடிசாவின் பாலேசுவரம் மாவட்டத்துச் சாந்திப்பூர்க் கடற்கரையில், வற்றத்தின்போது கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிச் செல்லும். அவ்வட்டாரத்து ஈர மணலில், கவிழ்த்து வைத்த இருப்புச்சட்டி போன்ற ஓடும், ஈட்டிபோல் நீண்ட வாலும் உடைய இப்பிராணியைக் காணலாம்.

நண்டு அன்றெனில், இது யாது? நண்டுக்குத் தலையில் உணர்கொம்புகளும், உணவை மெல்லத் தாடைகளும் உண்டு. லாட நண்டுக்கு இவ்விரண்டும் இல்லை. வாயின் முன்னே ஓரிணைச் சிறு இடுக்கிகள் உள்ளன. இவை சிலந்தி, தேள் ஆகியவற்றின் குலத்துக்கே உரிய அடையாளம். அவற்றின் பின்னுள்ள கால்களின் அடிப்பாகத்து முட்களே உணவை அரைத்து வாய்க்குள் தள்ளுகின்றன. செவுள்களோ புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்கடுக்காய் அமைந்தவை. ஆகவே, விஞ்ஞானிகள் இதனை நண்டைவிடத் தேளுக்கு நெருங்கிய உறவாகவே கருதுகின்றனர். எனினும் தேளைப்போல் இதற்குக் கொடுக்கில்லை, நஞ்சும் இல்லை. அச்சுறுத்தும் அந்த வால், அலையில் புரண்டு மல்லாந்தால் மீண்டும் நிமிர்வதற்கு ஊன்றுகோலாக உதவுவதே.

இதன் குலத்தொன்மை வியப்புக்குரியது. ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகட்கு முந்திய இதன் முன்னோரின் தடயம் கனடா நாட்டுப் பாறைகளில் கிடைத்துள்ளது. டைனோசார்கள் தோன்றி மறைந்தன, இக்குலம் மறையவில்லை. இன்று உலகில் எஞ்சியவை நான்கே இனங்கள். ஒன்று வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழ்வது. ஏனைய மூன்றும் ஆசியாவில் உள்ளவை. அவற்றுள் இரண்டு நம் நாட்டின் கிழக்குக் கரைக்கு உரியவை: ஒன்று மணற்கரையை நாடி முட்டையிடுவது, மற்றொன்று சுந்தரவனம் போன்ற அலையாத்திக் காடுகளில் வாழ்வது.

இப்பிராணியின் குருதி நீலநிறமானது. நம் குருதியில் இரும்பு செய்யும் பணியை இதன் குருதியில் செம்பு செய்கிறது. சிலவகை நோய்க்கிருமிகளின் நச்சுப்பொருள் சிறிதளவு பட்டாலும் இக்குருதி உடனே உறைந்துவிடும். 1956-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் பிரெடரிக் பாங் இதனை வெளியிட்டார். பின்னர் ஜாக் லெவினும் அவரும் இதனின்று ஒரு சோதனை முறையை வகுத்தனர். ஊசி மருந்துகளில் அந்நச்சு கலந்துளதா என்றறிய, முன்பு முயல்களின் உடலில் செலுத்திப் பார்த்தனர்; அவ்விடத்தைப் பெரும்பாலும் இச்சோதனை பெற்றது. தடுப்பூசி அச்சமின்றிப் போடப்படுவதில் இவ்வூமைப் பிராணிக்கும் பங்குண்டு. ஆயின், குருதி எடுத்தபின் கடலில் விடப்படுவனவற்றுள் ஒரு பகுதி மடிகின்றன. இக்குருதியின்றியே சோதிக்கும் செயற்கைப் பொருள் ஒன்றைச் சிங்கப்பூர் ஆய்வாளர் உருவாக்கியுள்ளனர். அது இப்பொழுது வழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

கோடிக்கணக்கான ஆண்டுகள் பிழைத்த குலம் இன்று மனிதனால் இன்னலுறுகிறது. மீன்வலைகளில் சிக்கி மடிவன பல. மணற்கரைகள் அழிவதால் முட்டையிடும் இடமும் குறைகிறது. முழு வளர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆவதால், இழப்பு எளிதில் ஈடாவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் காப்பளிக்கிறது. இதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

கடற்கரைக்குச் செல்லும் அன்பர்கள் மல்லாந்து தவிக்கும் லாட நண்டைக் காணின், வாலைப் பற்றித் தூக்கற்க, வால் ஊறுபடும். ஓட்டின் இருபுறமும் கைகொடுத்து மெல்லத் திருப்பிவிடுக. உடன்வரும் சிறுவர்க்கும் அதனைக் கற்பியுங்கள். சிறிய உதவிதான், ஆயினும் ஓர் உயிர் கடல் சேரும்.