வழி கண்டு ஓடுவோம்

வரைபடமும் திசைகாட்டியும் துணையாகக் கொண்டு ஓடும் போட்டிக்கு ஓரியன்டீரிங் என்று பெயர். சுவீடன் நாட்டில் 1919ஆம் ஆண்டு ஏர்ணஸ்ட் கிலாண்டர் நடத்திய போட்டியின் பின் இது பெரிதும் பரவியது. மிதிவண்டியும் படகும் இதனோடு சேர்ந்தால் பல்துறைச் சாகச ஓட்டமாகும். பிளேஸ்டோவில் வாழும் எமக்கு அண்மையில் எப்பிங் காடு உண்டு. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பொதுமக்களுக்காகக் காத்தது.

காட்டினுள் வெள்ளையும் செம்மஞ்சளும் கலந்த கொடிகள் தொங்கும். அவற்றை நாம் கண்டடைதல் வேண்டும். 1:10,000 அளவுத்திட்டத்தில் வரைபடத்தின் 1 சென்ரிமீற்றர், நிலத்தில் 100 மீற்றராகும். வெள்ளை நிறம் எளிதில் ஓடக்கூடிய காட்டையும், கரும்பச்சை அடர்ந்த புதரையும், நீலம் நீரையும், கபிலக் கோடுகள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் குறிக்கும். முதலில் வரைபடத்தின் வடக்கைத் திசைகாட்டியின் வடக்கோடு பொருத்துதல் வேண்டும். நேர்வழி எப்போதும் விரைவான வழியன்று. புதரை ஊடறுப்பவரைப் பாதையால் சுற்றி ஓடுபவர் முந்துவதுண்டு.

காடு என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆகையினாலேயே ஒரு விதி கண்டிப்பாகப் பேணப்படுகின்றது. ஓட்டத்தை இடையில் கைவிட்டவரும் முடிவிடம் சென்று தம் வரவைத் தெரிவித்தல் வேண்டும். தெரிவியாது வீடு சென்றால், பலர் அவரைத் தேடிக் காட்டில் அலைய நேரிடும். இடர் நேரின் நிமிடத்திற்கு 6 முறை விசில் ஊதுவது இந்நாட்டு வழக்கு. காயமுற்றவரைக் கண்டால் வெற்றியை மறந்து உதவுதல் கடமை.

மாணவச் செல்வங்களே, கைப்பேசி வழி சொல்லும் காலம் இது. எனினும் நின்று, நோக்கி, தாமே முடிவெடுக்கும் ஆற்றலை அது தருவதில்லை. பெற்றோர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, நீங்கள் பின்னே நடந்து பாருங்கள்.