உழுவைத் திருக்கைகள்: இனங்காணலும் மரபணுப் பன்மையும்

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு பத்துச் சுறா, திருக்கை இனங்கள் இடம்பெற்றன. தமிழக மீனவர் உழுவை என வழங்கும் மீனுக்கென அதில் குறிக்கப்பட்ட அறிவியற்பெயர் ‘ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ்’. ஜித்தா நகரின் பெயர் தாங்கிய அவ்வினம் மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு உரியது எனப் பிற்கால வகைப்பாட்டியல் வரையறுத்தது. தமிழகக் கரையில் வலைப்படுவன ‘ஆஸ்திரேலியே’, ‘லேவிஸ்’ ஆகிய உறவினங்களே. சட்டம் ஒரு பெயரைக் காக்க, கரையில் இறங்கியது வேறு மீன்.

இவ்விரண்டையும் பிரித்தறிய மார்புத் துடுப்பின் கரும்புள்ளியைச் சூழ்ந்த வெண்புள்ளிகளின் அமைப்பு உதவும். எனினும், துடுப்பு அறுக்கப்பட்டு உலர்ந்தபின் அவ்வடையாளம் பயன்படுவதில்லை. 2019இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இக்குடும்பம் முழுமையும் சேர்க்கப்பட்டதால், உலர்துடுப்பின் இனத்தை உறுதிசெய்வது வணிகக் கண்காணிப்பின் அடிப்படைத் தேவையாயிற்று. அதற்கு, இழைமணியின் சி.ஓ.ஐ. மரபணுவில் ஏறத்தாழ 650 கார இணைகள் கொண்ட பகுதி ‘டி.என்.ஏ. பட்டைக்குறி’யாகப் பயன்படுகிறது.

இப்பகுதியைக் கொண்டே மரபணுப் பன்மையையும் அளந்துவிட முனைவது பொருந்தாது. சுறா, திருக்கைகளில் இழைமணி மரபணு மெதுவாகவே மாறும்; ஆகவே குறைந்த வேறுபாடு கண்டவுடன் எண்ணிக்கைச் சரிவு எனக் கொள்ளவியலாது. மேலும், அது தாய்வழி மட்டுமே கடத்தப்படுவதால் ஆண் மீன்களின் இடப்பெயர்வு அதில் பதிவாகாது. மன்னார் வளைகுடாவின் உழுவைகளும் பாக் நீரிணையின் உழுவைகளும் ஒரே இனத்தொகையா என்ற வினாவுக்கு உட்கரு மரபணுக் குறியீடுகளே விடைதர வல்லன. இரண்டும் வேறெனில், ஓரிடத்து இழப்பை மற்றோரிடம் ஈடுசெய்யாது.